சாப்பிடக் கூப்பிடும் சத்தம்

சித்தம் கலங்கிய ஒருவரைப் பார்த்து நான் வயிறெரிந்திருக்கிறேன். அறுபதுகளில், போர்ட் பிளேரில், மின்னி பே கரையில் கிழிந்த வலைகளைத் தைத்துக் கொடுத்தவர் அவர். காதில் அணைந்த பீடி, பொத்தான் மாறிப் பூட்டிய சட்டை. தைத்துக்கொண்டே இருப்பார், திடீரென்று ஊசியை நிறுத்தி, ஆளில்லாத பக்கம் பார்த்து, "வாரேன், வாரேன்" என்பார். எங்கள் ஆபீஸில் அவரை இந்தியில் 'பாகல்', பைத்தியம் என்பார்கள். அவர் தெருவில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எந்த வீட்டில் மீன் கொதித்தாலும் அவருக்கும் ஒரு தட்டு உண்டு.

என் மனைவிக்கும் அப்போது குரல் கேட்கத் தொடங்கியிருந்தது. ஒருநாள் அவரிடமே கேட்டேன்: "அண்ணே, உங்களுக்கு இப்பவும் அந்தக் குரல் கேக்குதா?"

"கேக்கத்தான் செய்யுது சார். பக்கத்து வீட்டு அக்கா அதவிட சத்தமால்லா கூப்பிடுதாவ, சாப்பிட வான்னு!"

சிரித்தார். அந்தச் சிரிப்பை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடலாம் போலிருந்தது.

எங்கள் குவார்ட்டர்ஸில் இந்தப் பக்கம் பெங்காலி, அந்தப் பக்கம் தெலுங்கு. இந்தி தெரியாத அவளுக்கு எல்லாக் கதவும் சாத்தியதுதான். நான் ஆபீஸ் போனபின், அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட அந்தக் குரலை விட்டால் ஆளில்லை.