ஆறு மீன்கள் எல்லை தாண்டிய கதை

என் குறிப்பேட்டில் ‘ஏப்ரல் 1960, சத்தியவேடு’ என்று இருக்கிறது. இவ்வூர் சென்னை ராஜ்யத்திலிருந்து ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவுக்கு மாறிப் பத்து நாள்கூட ஆகவில்லை. வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்காக எல்லையோர ஏரியில் பிடித்த ஆறு சின்ன மீன்களைக் கண்ணாடிப் புட்டியில் வைத்துக்கொண்டு மெட்ராஸ் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். புது எல்லைச் சாவடியில் பஸ் நிற்கிறது; காவலர் ஏறிப் புட்டியைப் பார்க்கிறார்.

“இன்னா சார் இது? துன்றதுக்கா?”

“இல்லை, வளர்க்க.”

“வளக்கறதுன்னா மாட்டு ரிஜிஸ்டர்லதான் எழுதணும். மாட்ட எறக்கி, நடத்திக்கினு போனாத்தான் எண்ணுவோம்.”

“மீனுக்குக் கால் இல்லையே!”

“உங்களுக்கு இருக்குதில்ல?”

வெயிலில் தண்ணீர் சூடேறுகிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. இன்னும் தாமதித்தால் ஒன்றும் பிழைக்காது. புட்டியை அணைத்தபடி புது எல்லைக்கல்லைத் தாண்டி நடக்கிறேன்.

“நில்லுங்க சார், சுத்திக்கினே கீதுங்க, எண்ண முடியல. திரும்பி வாங்க!”

பஸ்ஸில் சிரிப்பு. மூன்றாம் நடையில் “ஆறு” என்று எழுதிக்கொள்கிறார். பிறகு தம் குடிநீர்ப் பானையிலிருந்து அவரே புட்டியில் ஊற்றுகிறார். மீன்கள் தெம்பாக அடியில் இறங்குகின்றன.

நான் வலை போட்ட தென்கரை எந்த ராஜ்யம் என்று இன்னும் சரிபார்க்கவில்லை. சென்னைப் பக்கம் என்றால், சென்னை மீன்களைத்தான் சென்னைக்குள் நடத்தி வந்திருக்கிறேன்.