தண்டவாளம் இல்லாத ரயில் பாட்டு

நேசன் அண்ணை காலமான செய்தி வந்தபோது நான் ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே நின்று கார்க் கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்தேன். எங்கள் இசைக்குழுவின் பாடகர் ரவிதான் தொலைபேசி எடுத்தார். “அண்ணை, நேசன் அண்ணையெல்லே போயிட்டார். நித்திரையிலையாம்.” கையிலிருந்த சுரண்டியைக் காருக்குள் வைத்தேனா, நிலத்தில் போட்டேனா, தெரியாது. பின்னேரம் பார்க்கிறேன், கண்ணாடியில் பாதிதான் சுரண்டியிருக்கிறது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒஸ்லோவில் தமிழ்க் கலியாணம், சாமத்தியவீடு எதற்காவது போயிருந்தால் நீங்கள் அவரைக் கண்டிருப்பீர்கள். மேடையின் இடது மூலையில் கிற்றாரோடு, சிரிக்காமல் நிற்கும் உயரமான மனிதர். பகலில் தபால் பிரிக்கும் வேலை. சனி, ஞாயிறில் எங்களோடு. நான் கீபோட்.

எங்கள் குழுவுக்கு ஒரேயொரு வேதம்தான். சினிமாப் பாட்டைக் கசெற்றில் உள்ளபடியே வாசிக்க வேண்டும். இடையிசையில் ஒரு சின்னக் குழல் துண்டு விடுபட்டாலும் சாப்பாட்டு மேசைக்கு வந்து விசாரணை வைப்பார்கள். “அச்சொட்டாய் அப்பிடியே இருந்தது” என்று யாராவது சொல்லிவிட்டால் எங்களுக்குத் தலைகால் தெரியாது. இப்படியான கூட்டத்திலிருந்துதான் நேசன் அண்ணை ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரப் பாட்டுப் பக்கம் போனார்.

பழைய இசைத்தட்டுக் கடையொன்றில் அவருக்கு ஒரு ரயில் பாட்டு அகப்பட்டது. தன்னை விட்டுப் போனவனை ஏற்றிச் சென்ற ரயிலைப் பார்த்தபடி ஒரு பெண் ஸ்டேசனில் நிற்கிறாள். அவ்வளவுதான் கதை. அமெரிக்காவின் தெற்கில் ஒரு கறுப்பினப் பெண் ஒற்றைக் கிற்றாரோடு பாடியது. அவரும் யாரிடமோ கேட்டுப் பாடியதாம். முதலில் உண்டாக்கியவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. பிறகு வடக்கே நகரத்துக்கு வேலை தேடிப் போன ஒருவர் மின்கிற்றாரில் வேகமாகப் பாடினார். அதில் நிற்பது ஆண், போனது பெண். பிறகு இங்கிலாந்துப் பெடியள் காது கிழியப் பாடி உலகமெல்லாம் கொண்டுபோனார்கள். கடைசியில் ஒரு நோர்வேஜியர். அவருடைய ஊரில் ரயிலே கிடையாது, ஆகவே அதைக் கப்பலாக்கிவிட்டார்! எல்லாவற்றையும் அண்ணை தேடித் தேடி வாங்கி, ஒத்திகைக்கு நடுவில் போட்டுக் காட்டுவார்.

“உதிலை எதண்ணை சரியான பாட்டு?” என்று ரவி ஒருநாள் கேட்டார்.

“எல்லாம் சரி. அதுதானப்பா எனக்கும் விளங்கேல்லை” என்றார் அண்ணை.

நகரத்தில் யாரும் ஏறிப் பாடக்கூடிய மதுச்சாலை ஒன்று இருந்தது. அங்கே பாடப் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அந்தக் கறுப்பினப் பெண் பாடிய பதிவை அண்ணை பாடமாக்கியிருந்தார். அதில் மூன்றாம் அடிக்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கு ஒரு இருமல் வரும். நேசன் அண்ணையும் அதே இடத்தில், அதே அளவுக்கு இருமினார். எங்கள் மண்டபமென்றால் அதற்கே கைதட்டியிருப்பார்கள். இங்கே பரிமாறுகிற பெடியன் பதறிப்போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். அண்ணை அதை மரியாதையாக வாங்கிக் குடித்துவிட்டு மிச்சத்தைப் பாடினார்.

திரும்பி வரும்போது ரயிலில் கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “பாடின பிள்ளைக்குத் தடிமன், அவள் இருமினாள். எனக்கென்ன வந்தது? எல்லாரும் தங்கடை கதையைப் பாடினவை. நான் அவளின்ரை இருமலைப் பாடியிருக்கிறன்.”

அன்றிலிருந்து அதைத் தமிழாக்கத் தொடங்கினார். வரவே இல்லை. ஒருநாள் அவர்கள் வீட்டுக் குசினியில் இருந்து, “ரயிலும் போகுது, நான் நிக்கிறன்” என்று ஏதோ இழுத்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி ராணி அக்கா அடுப்படியில் நின்று ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தவர், திரும்பாமலே சொன்னார்: “எங்கடை ஊருக்கு ரயில் வந்து எவ்வளவு காலம்? சண்டைக்குள்ளை தண்டவாளத்தையே கிளப்பிப் பங்கருக்குப் போட்டாச்சு. ஆரப்பா அங்கை ஸ்டேசனிலை நிக்கிறது?”

அண்ணை கிற்றாரைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். அடுத்த ஒத்திகைக்குப் பாட்டு வந்துவிட்டது.

“தண்டவாளமும் இல்லை, சிலிப்பர்க் கட்டையும் இல்லை,
எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நான் நிக்க?”

ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் ஒரு கலைவிழாவில் அதை முதலில் பாடினார். முன்வரிசையில் ஒரு பெரியவர் சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பின்னால் ஒருவர் எழும்பி, “எந்தப் படம் உது?” என்று கேட்டார். அண்ணைக்கு இரண்டும் ஒரேயளவு சந்தோசம்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் அந்தப் பாட்டைக் கேட்டார்கள். ரவியும் படித்துப் பாடினார். எப்படி? அச்சொட்டாய்! நேசன் அண்ணை கண்ணை மூடும் இடத்தில் கண்ணை மூடி, பெருமூச்சு விடும் இடத்தில் பெருமூச்சு விட்டு. அண்ணை கோபப்பட்டு நான் கண்டது அந்த ஒரு விசயத்துக்குத்தான். “உன்ரையாய்ப் பாடு தம்பி! ஒராள் மாத்திப் பாடினால்தான் பாட்டு உயிரோடை கிடக்கெண்டு அர்த்தம். எனக்கு ஒருக்கா அதைக் கேக்க வேணும்.” என்னிடம் கேட்டார், மற்றக் குழுக்காரரிடம் கேட்டார், கடைசி வருடங்களில் காண்கிறவர்களிடமெல்லாம் கேட்டார். ஒருவரும் துணியவில்லை. நேசன் அண்ணையின் பாட்டிலே கைவைக்கிறதோ? மரியாதை என்ற பெயரில் ஒரு மனிதரின் ஆசையைக் கெடுப்பதென்றால் எங்களை அடிக்க ஆளில்லை.

இறுதிச் சடங்கில் தேவாரம் முடிந்ததும் ரவி அந்தப் பாட்டைப் பாடுவதாக ஏற்பாடு. நான் தொடக்க இசையை வாசித்தேன். ரவிக்குக் குரல் வரவில்லை. மறுபடி வாசித்தேன். வரவில்லை. அப்போது பெட்டியின் தலைமாட்டில் இருந்த ராணி அக்கா தொடங்கினார். அவர் பாடி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அண்ணையின் மெட்டுத்தான், ஆனால் மிகவும் மெதுவாக, எங்கெங்கோ நின்று நின்று. பின்தொடர முடியாமல் கையை எடுத்துவிட்டேன். சொற்களும் வேறு.

“கடைசி ஸ்டேசன் வந்திட்டுது, கதவும் திறந்திட்டுது,
எல்லாரும் இறங்கிப் போட்டினம், உங்களை மட்டும் காணேல்லை.”

அவர்கள் இருவரும் வாழ்ந்த மோர்டென்ஸ்ருட்டில்தான் ஒஸ்லோ நகர ரயில் பாதை முடிகிறது. அதற்கு அப்பால் போக ரயில் இல்லை.

எனக்குப் பின்னால் யாரோ, “பாவம், மனிசி பாட்டை மாத்திப் பாடுது” என்று கிசுகிசுத்தார். “ஓம், மாத்தித்தான் பாடுறா. பேசாமல் கேளுங்கோ” என்று நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். சொன்னபிறகு அழுகையை அடக்க முடியவில்லை.

நேசன் அண்ணை, ஒராள் மாத்திப் பாடிவிட்டா. அதை நீங்கள் கேட்காமல் போனதுதான் எனக்கு ஆறவில்லை. இனிமேல் உங்களுடையதுதான் பழைய பதிவு. போய் வாருங்கள்.