சந்தைத் தெருவில் இடித்தது யார்

அடிதடியில் முதலில் கை வைத்தவன் யாரென்று எப்படியாவது கண்டுபிடித்துவிடலாம். தெருவோரம் வண்டியை ஒதுக்கும்போது இடித்தது யாரென்று மட்டும் கண்டுபிடிக்கவே முடியாது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் நான் வில்லியனூர் வட்டாரத்தில், அப்போது கொம்யூன் என்பார்கள், போலீஸ் சிப்பாய். சந்தை நாளில் தெருவின் இரண்டு பக்கமும் கட்டை வண்டிகள் வரிசையாக நிற்கும். வரிசையில் கொஞ்சம் இடைவெளி தெரிந்தால் போதும், மோட்டாரைப் பின்னால் எடுத்து அதற்குள் சொருகுவார்கள். அப்புறம் என்னைக் கூப்பிடுவார்கள். இரண்டு தரப்புக்கும் நடுவில் நின்று வெயிலில் வெந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் என் பாடு புரியும்.

வரலாம், வரலாம்

பாகூரிலிருந்து வந்த பஸ். டிரைவருக்குப் பின்பக்கம் தெரியாது. கண்டக்டர் இறங்கி நின்று, பஸ்ஸைத் தட்டித் தட்டி வரச் சொல்லியிருக்கிறார். பஸ்ஸும் வந்து, பின்னால் நின்ற கரும்பு வண்டியின் சக்கரத்தில் மோதி ஆரக்காலை முறித்தது. வண்டிக்காரர் டிரைவரைப் பிடித்தார். சொன்னபடிதானே எடுத்தேன் என்று டிரைவர் கண்டக்டரைக் காட்டினார். கண்டக்டரைக் கேட்டேன். மனிதர் கோபப்படக்கூட இல்லை.

“வரலாம்னுதான் சொன்னேன். இடிக்கலாம்னு சொல்லலியே.”

மச்சான்கள்

சுத்துக்கேணியிலிருந்து இரண்டு பேர், ஒருவர் தங்கையை மற்றவர் கட்டியவர். மாட்டை அவிழ்த்துவிட்டு, ஒரே இடத்துக்குள் ஆளுக்கொரு பக்கமிருந்து வண்டியைத் தள்ளியிருக்கிறார்கள். சக்கரத்தோடு சக்கரம் மாட்டி, தங்கையைக் கட்டியவர் வண்டியிலிருந்த பானைகள் நொறுங்கிவிட்டன. யார் முதலில் வந்தது என்று கேட்டால் கூட்டமே இரண்டாகப் பிரிந்து சத்தம் போட்டது. இருவரையும் ஸ்டேஷனில் உட்காரவைத்து, மத்தியானம் முழுக்கக் கேட்டு, இரண்டு பேர் மேலும் தப்பு என்றேன். அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள் அப்போதுதான் ஒன்றாக எழுந்து நின்றார்கள். மூத்தவர் சொன்னார்:

“எங்க வூட்டு விவகாரத்துல ஒங்களுக்கு இன்னா வேல?”

மாட்டுக் கால்

நான் மதகடிப்பட்டுக்கு மாற்றலாகிப் போன பிறகு நடந்தது இது. சூசை என்கிற கூலிக்காரர் ஒரு ஜோடி மாட்டை வைத்து வண்டியும் ஏரும் ஓட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் வண்டியை ஒதுக்கி, மாடுகளைச் சக்கரத்தில் கட்டியிருந்தார். முன்னாலிருந்த இடத்துக்குள் ஒரு மிராசுதாரரின் மோட்டார் பின்வாங்கியபோது, ஒரு மாட்டின் பின்னங்காலில் இடித்துவிட்டது. மாட்டால் காலை ஊன்ற முடியவில்லை. சூசை அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். உழவு தொடங்குகிற நேரம் அது.

மாடுதான் மோட்டாரை உதைத்தது என்றார் மிராசுதாரர். கடைக்காரர்களைக் கேட்டேன். எல்லாரும் அந்த நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அவர்களில் பாதிப் பேர் அவர் நிலத்தில் பயிர் வைக்கிறவர்கள். எனக்கு அலுத்துவிட்டது. கிளம்பிவிடலாமா என்று பார்த்தேன். அப்போது மோட்டாரின் டிரைவர் கோவிந்தன் கதவைத் திறந்து இறங்கினார். பிள்ளைகுட்டிக்காரர். மாடு உதைக்கவில்லை, தான்தான் திரும்பிப் பார்க்காமல் எடுத்ததாக முதலாளி முன்னாலேயே சொன்னார். அதன் பிறகு எனக்கு விசாரிக்க ஒன்றுமில்லை. சூசையின் மாடு தேறும்வரை உழவுக்கு மிராசுதாரர் தன் மாட்டைக் கொடுக்க வேண்டி வந்தது. கோவிந்தனை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

பிறகொரு நாள் கோவிந்தன் ரோட்டில் நடந்து வந்தார். என்னைப் பார்த்ததும், மாடு நடக்கிறதா என்று அவரே கேட்டார். ஏர் பூட்டிவிட்டார்கள் என்றேன்.

“அப்ப செரி, அய்யா. நான் வேற வண்டி பாத்துக்கறேன்.”

இத்தனை வருஷம் விசாரித்ததில், இடித்தேன் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். மற்ற வண்டிகளெல்லாம் தாமாகவே இடித்துக்கொண்டவை.