காலண்டர் சாமிகள்

டிவியில் பதவியேற்பு. யாரோ ஒருவர் "உளமார உறுதி கூறுகிறேன்" என்றதும், கஞ்சி போட்ட காட்டன் புடவையின் வாசனை எனக்கு வந்தது.

தொண்ணூறுகளில் மாடம்பாக்கத்தில் கவுன்சிலராக ஜெயித்த அம்மா, அப்படியொரு புடவையில்தான் பதவியேற்கப் போனாள். எங்கள் வீட்டில் சாமி படமே கிடையாது. கடையில் கொடுக்கும் காலண்டரிலிருந்துகூட முருகனையும் லட்சுமியையும் கத்தரித்துப் பக்கத்து வீட்டு நடராஜன் சாருக்குக் கொடுத்துவிடுவாள். எங்கள் ஆணியில் தேதிக் கட்டு மட்டும் தொங்கும்.

அதிகாரி நீட்டிய தாளில் "ஆண்டவன் மீது ஆணையாக" என்று அச்சடித்திருந்தது. அம்மா அந்த இடத்தில் "உளமார" என்று உரக்கச் சொன்னாள். சட்டத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு என்பதால் அதிகாரி கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்தவரை அழைத்தார்.

வீடு திரும்பியதும் நடராஜன் சார்தான் வாசலில் மடக்கினார். "ஏம்மா, சாமி இல்லன்னா நீ யாருக்குப் பயந்து வேலை செய்வே?"

"குழாய்ல தண்ணி வரலன்னா என்கிட்டதானே சார் வருவீங்க? உங்களுக்குத்தான் பயப்படணும்."

மறுவாரமே தண்ணீர் நின்றது. விடிந்தும் விடியாமலும் எங்கள் கேட்டில் டங் டங்கென்று சத்தம். காலிக் குடத்தால் தட்டிக்கொண்டு நின்றவர் நடராஜன் சார். அவர் வீட்டுச் சுவர் முழுக்க நாங்கள் கொடுத்த சாமிகள்தான்.

"வாங்க சார், மோட்டார் ரூமுக்குப் போலாம்" என்று அம்மா கொண்டையை முடிந்தபடி கிளம்பினாள்.

டிவியில் அடுத்தவர் ஆண்டவன் மீது ஆணையிட்டார். நல்லது. அவர் வீட்டுக் கேட்டையும் குடத்தால்தான் தட்டுவார்கள்.