துணி சுற்றிய விரல்கள்

காப்பித் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில் கண்டியில் ஒரு வக்கீல் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து மனு எழுதிக்கொண்டிருந்தேன். பாதிரிமார் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு, மன்னாரிலிருந்து நடந்தே மலைக்கு வந்தவன் நான். வழியில் வாந்திபேதியில் கூட வந்தவர்கள் நாலு பேர் போனார்கள், புதைத்துவிட்டு நடந்தோம். எனக்கிருந்த அரைகுறை இங்கிலீசுக்கு அந்த விறாந்தை கிடைத்தது.

ஒரு மழை மாதத்தில் எங்கள் ஜட்ஜ் துரையைக் கொழும்புக்கு, நாட்டின் மிகப் பெரிய கோர்ட்டுக்கு, அனுப்பப் போவதாகப் பேச்சு வந்தது. அதற்கு முன்னால் அவர் நேர்மையான மனிதர்தானா என்று கவர்னர் விசாரிக்கிறாராம். தோட்டத் துரைமார் உடனே அவரைப் புகழ்ந்து ஒரு விண்ணப்பம் தயாரித்தார்கள். கூலி ஜனங்களும் அவரை நம்புகிறார்கள் என்று காட்ட வேண்டும். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெரிய கங்காணி தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

எழுதத் தெரியாதவர்கள் பேனாவைத் தொடுவார்கள். அவர்கள் பெயருக்கு நேரே நான் ஒரு குறுக்குக் கோடு போடுவேன். அதுதான் கையெழுத்து. எல்லோரும் தொட்ட பிறகு, “தமிழில் படித்துக் காட்டினேன், சம்மதித்துத் தொட்டார்கள்” என்று அடியில் எழுதி நான் கையெழுத்து வைக்க வேண்டும்.

வரிசையில் ஒரு பெண்ணை எனக்கு அடையாளம் தெரிந்தது. சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனான் என்று அவள் புருஷனை அந்த ஜட்ஜ் சிறைக்கு அனுப்பிய அன்று நானும் கோர்ட்டில் நின்றேன். வேறொரு தோட்டத்தில் செத்துப்போன தம்பியைப் புதைக்கத்தான் அவன் போயிருந்தான். அதைச் சொல்ல வாயெடுத்தான். ஜட்ஜ் கையை உயர்த்தினார். மூன்று மாதம். அவர் யாரிடமும் கைநீட்டி வாங்கியவர் என்று சொல்ல மாட்டேன்; அந்த வகையில் சுத்தமானவர். ஆனால் அந்தத் தோட்டத்துத் துரையோடு அவர் வேட்டைக்குப் போய்வருவது ஊருக்கே தெரியும்.

“எழுத்தய்யா, காயிதத்துல என்ன எழுதியிருக்கு?” என்றாள்.

படித்தேன். ‘இரு பக்கமும் பொறுமையாகக் கேட்காமல் எந்த வழக்கையும் தீர்ப்பதில்லை’ என்ற இடம் வந்ததும் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

“எங்க வீட்டுக்காரரு பக்கத்த எப்ப கேட்டாரு?”

“அன்னைக்கு ஒம் புருசனுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு, இன்னைக்கு ஒனக்கு நீண்டுருச்சு,” என்றார் கங்காணி. “தொட வேணாம் புள்ள, போ. லயத்துல ஒன் காம்பராவுக்கு நாளைக்கே வேற ஆள் வந்துரும். அவன் செயில்ல இருந்து வந்தா எங்க படுப்பான்னு மட்டும் பாத்துக்க.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “நீங்களும் அன்னைக்கு அங்கதான நின்னீங்க? சொல்லுங்கய்யா. இது மெய்யா?”

உள்ளே கதிரையில் உட்கார்ந்திருந்த வக்கீல் இருமினார்.

“இருக்கறதப் படிக்கிறதுதான் என் வேலை, ஆத்தா,” என்றேன்.

அவள் முந்தானையின் நுனியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு பேனாவைத் தொட்டாள். தோட்டத்து மாரியம்மன் முன்னால் சத்தியம் செய்கிறவர்கள் வெறுங்கையால்தான் சூலத்தைத் தொட வேண்டும். நடுவே துணி இருந்தால் அம்மன் அதைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. கங்காணிக்கும் அது தெரியும். பார்த்தார். காகிதத்துக்கா தெரியப்போகிறது என்று விட்டுவிட்டார். நான் கோடு போட்டேன். அவளுக்குப் பின்னால் வந்த கிழவர் தலைத்துண்டை அவிழ்த்து விரலில் சுற்றினார். அப்புறம் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள்.

கடைசியில் வக்கீல் வெளியே வந்து, நான் கீழே வைத்திருந்த பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். வெறுங்கையால் வாங்கி, எழுத வேண்டியதை எழுதி, என் பெயரைப் போட்டேன்.

ஜட்ஜ் துரை கொழும்புக்குப் போனார். அவள் புருஷன் மூன்று மாதமும் இருந்துவிட்டு வந்தான் என்றும், காம்பரா அவர்களுக்கே இருந்தது என்றும் பிறகு ஒரு வண்டிக்காரன் சொன்னான். அதற்குள் நான் கண்டியை விட்டு மாத்தளைப் பக்கம் போயிருந்தேன்.

அன்று என் தோளிலும் ஒரு துண்டு கிடந்தது.