சோதனை யாருக்கு?

என் வீட்டுக்காரருக்கு உணவுக்குழாயில் புற்று. முற்றிப்போய் ஈரல் வரை பரவிவிட்டது. இரண்டு மருந்து கொடுத்துப் பார்த்தும் கேட்கவில்லை. புதுசாக ஒன்று இருக்கிறது, இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, சம்மதமா என்று புதுச்சேரி டாக்டரம்மா கேட்டார்கள். வேறு வழி? கையெழுத்துப் போட்டோம்.

அந்தச் 'சோதனை' என்கிற சொல்தான் எங்கள் குடியைக் கெடுக்கப் பார்த்தது. நைனார்பாளையத்தில் மூன்று ஏக்கர் மரவள்ளியோடு மல்லுக்கட்டிய மனுஷன், சோதிக்கப்படுவது மருந்து இல்லை, தான்தான் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றிக்கொள்ளப் போவோம். நர்ஸ் தாளை வைத்துக்கொண்டு கேட்பாள். வாந்தி? "பரவால்லீங்க." கை கால் மரத்துப்போகிறதா? "பரவால்லீங்க." அவளும் 'இல்லை' என்று எழுதிக்கொள்வாள். அன்று காலையில் அவர் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டிருப்பேன்.

ஐந்தாவது முறை கிளம்பும்போது இரண்டு நாளாகக் காய்ச்சல். காய்ச்சல் வந்தால் உடனே போன் பண்ணச் சொல்லியிருந்தார்கள். பண்ண விட்டாரா? மாத்திரையைக் கரைத்துக் குடித்துச் சூட்டை அடக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

"அங்க வந்து வாயத் தொறக்காத. நான் தேறலன்னா பேர அடிச்சுடுவாங்க. அதுக்கப்புறம் வேற மருந்து இல்ல."

"காய்ச்சலோட ஏத்துனா இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. கம்முனு வா."

உளுந்தூர்பேட்டை தாண்டியும் அதையே புரட்டிப் புரட்டி யோசித்துக்கொண்டிருந்தேன். சொன்னால் மருந்து போச்சு, சொல்லாவிட்டால் ஆளே போச்சு. அதுவும் மருந்து கேட்கிற நேரத்தில்! கொடுக்கிற கஞ்சிச் சொம்பு தினமும் காலியாகத் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் கல்வராயன் மலைச் சாமிக்குக் கெடா வெட்டுவதாகக்கூட நேர்ந்திருந்தேன்.

"காய்ச்சல் இருந்துச்சா?" என்றாள் நர்ஸ்.

"பரவால்லீ..."

"பொய்!" கத்திவிட்டேன். "ரெண்டு நாளா அனலா கொதிக்குதும்மா. மாத்திரையப் போட்டுக்கினு வந்து நடிக்கிறாரு!"

அவர் பார்த்த பார்வையில் நான் பாதி செத்தேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தன. இன்று மருந்து ஏற்றியிருந்தால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மா நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"ஐயா, சோதனை மருந்துக்குத்தான், உங்களுக்கு இல்ல. நீங்க மறைச்சா இந்த அளவு சரின்னு நாங்க தப்பா எழுதிடுவோம். அடுத்து வர்றவங்களுக்கும் இதையே ஏத்துவோம்."

அவர் நர்ஸ் கையிலிருந்த தாளைக் காட்டினார்.

"அப்பிடின்னா அந்தத் தாள மொதல்லேருந்து கேளுங்கம்மா."

நர்ஸ் கேட்டாள். வாந்தி, மரமரப்பு, வாய்ப்புண் என்று ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்டதும் நானே முந்திக்கொண்டேன்.

"அது நல்லா எறங்குதும்மா. வேளைக்கு ஒரு சொம்பு கஞ்சி குடிக்கிறாரு."

அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"இல்லீங்க. பத்து நாளா தண்ணியத் தவுர ஒண்ணும் எறங்கல. இவ மனசு வுட்டுடுவாளேன்னு கஞ்சிய மாட்டுத் தொட்டியில ஊத்திக்கினு இருந்தேன்."