விலை பேசுவதற்கு முன் நான்கு எலுமிச்சம்பழம்

1. ஜன்னலில் தெரிந்த கை

ஞாயிற்றுக்கிழமை காலை. பாச்சாங்கில் நான் போகும் தேவாலயத்தில் ஃபாதர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே லோரி டிரைவர் மணியம் வந்து நின்றான். என்னைப் பார்த்துக் கையை இப்படியும் அப்படியும் முறுக்கிக் காட்டினான். மற்றவர்களுக்கு அது பைத்தியக்கார ஜாடை. முப்பது வருடம் கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்தவனுக்கு உடனே புரிந்துவிட்டது. கோழி சுடும் கேஸ் கிரில்லின் திருகில் ஏதோ கோளாறு.

என் மனைவி முறைத்தாள். குனிந்தபடி வெளியே ஓடினேன்.

தேவாலய மண்டபத்துப் பின்முற்றத்தில் மணியத்தின் மனைவி கோமதி, எண்பது பேருக்கு மசாலா தடவிய கோழியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். பிளாஸ்டிக் கருகிய வாடை மூக்கில் ஏறியது.

“கேஸ் தோங்க அடைச்சிட்டேன் அண்ணே. மூணாவது பர்னர பத்த வச்சா மேல எரியல. திருகுக்குக் கீழ எரியுது. நீங்க பாத்து ஓக்கேன்னு சொன்ன கிரில்தானே லா இது?”

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குச் சுருக்கென்றது. ஞானஸ்நான விருந்து பன்னிரண்டரைக்கு. கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு கேட்டரிங் தொடங்கிய கோமதிக்கு இதுதான் முதல் ஆர்டர். சொதப்பினால் இந்த வட்டாரத்தில் இரண்டாவது ஆர்டர் வராது, மறுபடி நைட் ஷிப்டுக்குத்தான் போக வேண்டும். தேவாலயத்தில் அவளைச் சிபாரிசு செய்தவன் நான். கிரில்லைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவனும் நானே. அவள் பிழைப்போடு என் பெயரும் சேர்ந்து அந்த முற்றத்தில் கருகிக்கொண்டிருந்தது.

2. மூன்றே தடவை

அந்தக் கிரில்லை நாங்கள் பெம்பானில் வாங்கினோம். விற்றவர் தனபாலன் வாத்தியார், ஓய்வு பெற்றவர். மகன் வாங்கிப் போட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டானாம்.

“மூணு தடவைதான் யூஸ் பண்ணோம் அந்தோணி. பாருங்க, புதுசு மாதிரி இருக்கு.”

பழைய கிரில் விற்கிற யாரும் நான்கு தடவை பாவித்ததாக என் சர்வீஸில் சொன்னதே இல்லை. எல்லாருக்கும் மூன்றுதான். மூன்று தடவையில் எப்படி இவ்வளவு எண்ணெய் பிடித்தது என்று கேட்டால் முகம் மாறிவிடும். அதனால் நான் கேட்பதில்லை, வேலையை ஆரம்பித்துவிடுவேன்.

முதலில் மூடியைத் திறந்து கம்பித் தட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். மேலே மினுக்கிவிட்டு அடியில் துருவை ஒளித்து வைத்திருப்பார்கள். பர்னர் ஓட்டைகளில் ஊசி விட்டுப் பார்க்க வேண்டும். பர்னர் குழாய் வாய்க்குள் டார்ச் அடிக்க வேண்டும். நம் ஊர்ச் சிலந்திகளுக்கு அந்த இடம் என்றால் உயிர். ரப்பர் டியூபை வளைத்தால் வெடிப்பு தெரியும். தோங்கை, அதாவது கேஸ் சிலிண்டரைத் திறந்து, இணைப்புகளில் சவர்க்கார நுரையைத் தடவினால் கசிவு குமிழியாய் முட்டை விட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். கடைசியாகப் பற்ற வைத்து, சுடர் நீலமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்லாம் செய்தேன். எல்லாம் சரி. நான்கு பர்னரும் நீலம்.

மிச்சம் இருந்தது பின்பக்கம் மட்டும். கிரில் சுவரோடு ஒட்டி நின்றது. இழுத்துத் திருப்ப வேண்டுமானால் சுற்றி வைத்திருந்த வாத்தியார் மனைவியின் ஒன்பது ஆர்கிட் தொட்டிகளை நகர்த்த வேண்டும். நான் முதல் தொட்டியில் கை வைத்தேன். அந்த அம்மா, “அது இப்பதான் மொட்டு விட்டிருக்கு” என்றார். அந்த நேரம் பார்த்து வாத்தியார், உருளைக்கிழங்கு மசாலா அடைத்துப் பொரித்த சூடான கறிபாப்பும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தார். வாயில் கறிபாப்பை வைத்துக்கொண்டு அந்த வீட்டுப் பூத்தொட்டியைத் தூக்க எனக்கு மனம் வரவில்லை.

“பின்னாடி பாக்கணுமா அண்ணே?” என்று கோமதி கேட்டாள்.

“பின்னாடி என்னாம்மா இருக்கு, வெறும் தகரம். என் கண்ணு ஒன்னு போதும்.”

இந்தப் பேச்சைப் பின்னால் எத்தனை தடவை நினைத்து வெட்கப்பட்டேன் என்று எனக்கே கணக்கில்லை.

3. சக்கரம் இருந்தால் வண்டி

விருந்தன்று காலை எட்டரைக்கு, செலண்டாரில் இருக்கும் அவர்கள் வீட்டிலிருந்து மணியம் லோரியில் கிரில்லைக் கொண்டுவந்து இறக்கினான். ஏற்றி இறக்கிய சாமானை மறுபடி பார்க்காமல் நான் விடுவதில்லை. நுரை தடவினேன், பற்ற வைத்தேன், நான்கும் நீலம். அணைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தால் கிரில்லுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. நான்கு குட்டிச் சக்கரங்களுக்கு முன்னால் நான்கு எலுமிச்சம்பழம்.

“மணியம், இது அடுப்புடா.”

“சக்கரம் இருக்கா இல்லையா அண்ணே? சக்கரம் இருந்தா வண்டிதான். பழம் வைக்காம எந்த வண்டியையும் நான் எடுத்தது இல்ல.”

நான் கத்தோலிக்கன். என் சொந்தக் காருக்கு ஃபாதர் தீர்த்தம் தெளித்தபோதே, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் சரிபார்த்தவன். பூசைக்குப் போய்க்கொண்டிருந்த ஃபாதர் இந்தக் கூட்டத்தைப் பார்த்து நின்றார்.

“என்ன அந்தோணி இது?”

“சக்கரத்துக்கு, ஃபாதர்.”

அவர் சிரித்தார். “அப்படின்னா நானும் கொஞ்சம் தெளிச்சிட்டுப் போறேன்.” தீர்த்தம் கொண்டுவரச் சொல்லி, கிரில், கோழி, மணியம் எல்லார் மேலும் தெளித்துவிட்டுப் போனார்.

பழத்தை நசுக்க லோரி டயருக்கு ஒரு நொடி போதும். உள்ளங்கை அகலம்கூட இல்லாத கிரில் சக்கரம் பழத்தில் முட்டிக்கொண்டு நின்றது. தள்ளினோம், ஏறவில்லை. மணியம் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து, “ஒன்னு, ரெண்டு, மூணு” என்று சொல்லித் தூக்கித் தள்ளினோம். கிரில் பழத்தின் மேல் ஏறி, மறுபக்கம் தொம்மென்று இறங்கியது. உள்ளே ‘லொடக்’ என்று ஒரு சத்தம்.

மூடிதான் ஆடியிருக்கும் என்று நினைத்தேன். பூசை மணி அடித்தது, போய்விட்டேன்.

4. காலி ஓட்டை

அந்த ‘லொடக்’ இப்போது நினைவுக்கு வந்தது. கிரில் ஆறும்வரை காத்திருந்து, முன்பக்கத் தகட்டைக் கழற்றினேன். ஒவ்வொரு பர்னர் குழாயின் வாயும் வால்வில் கேஸ் பீச்சும் ஜெட் மீது தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் கேஸ் குழாய்க்குள் போய், மேலே வந்து எரியும். மூன்றாவது குழாயின் வாய் ஜெட்டை விட்டு இறங்கிக் கிடந்தது. கேஸ் குழாய்க்குள் போகாமல் பெட்டிக்குள்ளேயே கொட்டி, அங்கேயே எரிந்திருக்கிறது.

குழாய் எப்படி நகர்ந்தது? பின்பக்கம் திருப்பினேன். பர்னரின் வாலைப் பிடித்து நிறுத்தும் ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் காலி ஓட்டை. விளிம்பில் பழைய துரு. ஸ்க்ரூ விழுந்து வெகுகாலம் ஆகியிருக்கிறது. பெம்பானில் அந்தத் தொட்டிகளை நகர்த்தியிருந்தால், கறிபாப் ஆறுவதற்குள் கண்டுபிடித்திருப்பேன்.

கோமதி தோங்கை அடைக்க ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் தீ டியூபில் பிடித்திருக்கும். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மணியம் முகம் செத்துப்போய் நின்றான். “நான் பழத்து மேல ஏத்துனதாலதான் அண்ணே.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் தப்பித்துவிடலாம். அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது, மறைப்பானேன். ஆனால் ஓட்டை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“உன் மேல தப்பு இல்ல மணியம். ஸ்க்ரூ எப்பவோ போச்சி. நான் பின்னாடி பாக்கல. கோமதி கேட்டா, நாந்தான் வெறும் தகரம்னு சொன்னேன்.”

கோமதி கடிகாரத்தைப் பார்த்தாள். “மணி பதினொன்னு ஆவப் போவுது. சரி பண்ண முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லுங்கண்ணே.”

கிரில்லின் பக்கவாட்டில் தட்டு வைக்க ஒரு பலகை மாட்டியிருந்தது. அதன் ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. குழாயை ஜெட் மீது உட்கார வைத்து முறுக்கினேன். மற்ற மூன்றையும் ஆட்டிப் பார்த்தால், நான்காவதும் தளர்ந்திருந்தது. அதையும் இறுக்கினேன். டியூப் எங்கேயும் சூடு படவில்லை. நுரை தடவினேன், முட்டை வரவில்லை. பிறகு மணியத்தைக் கூப்பிட்டேன்.

“மிச்சப் பழம் இருக்கா?”

“எதுக்குண்ணே?”

“மறுபடி ஏத்து.”

ஏற்றினோம், தொம்மென்று இறக்கினோம். உள்ளே சத்தமே இல்லை. பற்ற வைத்தேன். நான்கும் நீலம். கோமதி முதல் தட்டுக் கோழியை அடுக்கியபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

கோழி இருபது நிமிடம் தாமதம். அன்று பெயர் வைத்த குழந்தை விடாமல் அழுது சடங்கையே இழுத்துவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் குழந்தைக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன். சாப்பாட்டுக்கு முதல் ஆளாக வந்த ஃபாதர் என் காதில் கேட்டார்:

“தீர்த்தத்துல ஒன்னும் கோளாறு இல்லையே?”

“இல்ல ஃபாதர். ஸ்க்ரூ.”

சாப்பிட்டவர்களில் இரண்டு பேர் கோமதியின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் அதை என்னிடம் சொல்லவில்லை, மணியம்தான் சொன்னான். அவள் என்னோடு பழையபடி பேச ஒரு வாரம் ஆனது.

5. பூத்தொட்டி

அன்றிலிருந்து என் டூல் பெட்டியில் ஸ்பேனருக்குப் பக்கத்தில் நான்கு எலுமிச்சம்பழம் இருக்கும். பழைய கிரில் பார்க்கப் போனால், விலை பேசுவதற்கு முன்பே சக்கரத்துக்கு அடியில் வைத்து உருட்டச் சொல்வேன். வாங்குவதற்கு முன்னாலேயே பூஜையா என்று விற்கிறவர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஏறி இறங்கிய பிறகு மறுபடி பற்ற வைத்து, நீலமாக எரிந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குலுக்கிப் பாருங்கள், பின்பக்கம் பாருங்கள், அதுவரைக்கும் அந்த வீட்டில் எதையும் வாயில் வைக்காதீர்கள்.

போன மாதம் கோமதி இரண்டாவது கிரில் வாங்கப் போனாள். இப்போது ஒன்று போதவில்லை. துணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள். அந்த வீட்டிலும் கிரில் சுவரோரம்தான் நின்றது. முன்னால் வரிசையாகத் தொட்டிகள். வீட்டுக்கார அம்மா தட்டு நிறைய வடையோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

“வாங்க அங்கிள், முதல்ல பசியாறுங்க. கிரில் எங்க போயிடப் போவுது? மூணு தடவதான் பாவிச்சோம்.”

என் கை வடையை நோக்கிப் போனது. கோமதி தன் கைப்பையைத் திறந்து நான்கு எலுமிச்சம்பழத்தை எடுத்து மூடி மேல் வரிசையாக வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அண்ணே, வடை அப்புறம். முதல்ல தொட்டிய நகத்துங்க.”